எவர்சில்வர் ஃபிளாஸ்க்

ஐந்தரைக்கு அலாரம். மோட்டார் போட்டான். வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்துவந்து கத்தரித்தான். ஷேவ் செய்தான். குளித்தான். இன்று வார விடுமுறை என்பது சட்டைக்குப் பொத்தான் போடும்போதுதான் நினைவுக்கு வந்தது. கழற்றவில்லை. அதே சட்டையோடு உட்கார்ந்து காபி குடித்தான். சூடாக இருந்தது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மனைவி சௌமியா போன இந்தப் பத்து மாதத்தில் எதைக் குடித்தாலும் சூடு, ஆறல் என்ற இரண்டுதான் அவனுக்குத் தெரிந்தது.

ஜெகதீஷுக்கு ஓசூர் சிப்காட்டில் தரக்கட்டுப்பாட்டு வேலை. மாமியார் செல்வம்மாள் முந்தின நாள் சிங்காரப்பேட்டையிலிருந்து ஒரு கூடை மாம்பழத்தோடு அவனைப் பார்த்துப் போக வந்திருந்தாள். சமையலறையிலிருந்து வந்தவளின் கையில் அந்த எவர்சில்வர் ஃபிளாஸ்க் இருந்தது.

வெந்நீர் ஊற்றிவைக்க மேல்தட்டில் தேடினாளாம். திறந்தால் டிஞ்சர் வாடை அடித்ததாம். முட்டிக்கு ரெண்டு கை தேய்த்துக்கொண்டாளாம்.

“நல்லா சுருசுருன்னு ஏறுதுங்க மாப்ள. இதத்தான அவ எனக்குன்னு வாங்குனது?”

இல்லை என்று சொன்னால் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

அது ஸ்காட்லாந்து சிங்கிள் மால்ட் விஸ்கி. பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்த சௌமியா, மூன்றாவது கல்யாண நாளுக்காகக் கர்நாடகப் பக்கத்து அத்திப்பள்ளியில் வாங்கியது. எல்லையில் ஜூஜூவாடி செக்போஸ்டில் வெளிமாநிலச் சரக்குக்காகப் பையைத் துழாவுவார்கள் என்று பயந்து, கடை ஓரத்திலேயே ஃபிளாஸ்கைக் கவிழ்த்துக் கழுவி அதில் ஊற்றிக்கொண்டு, பாட்டிலையும் அழகான அட்டைப் பெட்டியையும் அங்கேயே போட்டுவிட்டு வந்தாள். அன்றைக்கு பஸ்ஸை யாரும் நிறுத்தவே இல்லை. பேர் என்ன என்று கேட்டால் அவளுக்கு வாயில் நுழையவில்லை. புகையில் காயவைத்த பார்லியாம், ஆனால் தொண்டையில் குத்தாதாம் என்று கடைக்காரர் சொன்னதைச் சொன்னாள். பேர் தெரியாத சரக்கை எப்படி மெச்சுவது என்று ஜெகதீஷ் கேலி செய்தான். மறுநாள் சாயங்காலம் திறப்பதாகப் பேச்சு. மறுநாள் மதியம் அலுவலகத்தில் தலை வலிக்கிறது என்று மேசையில் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

உடலை எடுப்பதற்கு முன் செல்வம்மாள் அவன் கையைப் பிடித்து, கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டாள். உள்ளதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அம்மா முட்டிக்கு மருந்து வாங்கணும் என்று சொன்னதாகச் சொன்னான். அந்த ஒரு வரியை அவள் சிங்காரப்பேட்டை முழுக்கச் சொல்லி அழுதிருக்கிறாள்.

இப்போது மருந்தும் கிடைத்துவிட்டது. பத்து மணி பஸ்ஸில் ஊருக்கு எடுத்துப் போவதாகச் சொல்லிக்கொண்டே மூடியைத் திருகினாள்.

கொடுத்துவிடலாம். அதுதான் எளிது. ஆனால் அவன் கை நீண்டது.

“அதக் கொஞ்சம் குடுங்க அத்தை.”

காபி டம்ளரைக் கழுவி, அதில் ரெண்டு விரல் ஊற்றினான். முகர்ந்தான். முதலில் ஆஸ்பத்திரி வாடைதான். சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் தண்ணீர் விட்டான். வாயில் வைத்தபோது வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கியது. விழுங்கிய பிறகு புகை திரும்பி வந்தது. நனைந்த விறகு, உப்பு, கொஞ்சம் கருகிய வெல்லம். வெகுநேரம் நாக்கை விட்டுப் போகவில்லை. பத்து மாதத்தில் முதல் ருசி. பக்கத்து நாற்காலியைப் பார்த்தான். அதில் துவைத்த துணி மடிக்காமல் கிடந்தது.

“மருந்தப் போய்க் குடிக்கிறீங்க?”

“மருந்தில்ல அத்தை. விஸ்கி.”

செல்வம்மாள் கையை முகர்ந்து பார்த்தாள். “இது அவளுக்குத் தெரியுமா?”

“அவதான் வாங்கியாந்தா. ரெண்டு பேரும் குடிக்கலாம்னு.”

முந்தானையால் கையைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். மாப்பிள்ளை எதிரில் ஒருநாளும் நாற்காலியில் உட்காராதவள், துணிகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மகள் குடிப்பாளா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“அப்ப அந்த முட்டி மருந்து, நீங்களாச் சொன்னதுங்களா?”

ஆமென்று தலையசைத்தான்.

“நெசமா என்னங்க சொன்னா?”

டம்ளரில் ஒரு வாய் மீதி இருந்தது. அந்தக் கடைசிக் காலையில் வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது, ஒற்றைச் செருப்பை மாட்டிக்கொண்டே சௌமியா வாசலிலிருந்து திரும்பியது, எல்லாம் அவனுக்கு அப்படியே இருந்தது. ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னான்.

“மொத மடக்கு எனக்கு. சாயந்தரம் வந்து அளவு பாப்பேன்.”