ஏழு பேருக்கு ஒரு மேஜை

ஓட்டல் வாசலில் பெயர் எழுதிக்கொண்டிருந்த ஆள் நோட்டைப் பார்த்து, “ஷெண்பக்வல்லி! ஸாத் லோக்!” என்று கூவினான். ஏழு பேர் என்று அர்த்தம். பேச்சிராஜா மனைவியைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். போதாக்குறைக்கு, கல்யாணமான இந்த இருபத்தாறு வருஷத்தில் செண்பகவல்லியின் பெயரை ஒரு பொது இடத்தில் யாரும் இப்படிச் சத்தம்போட்டுக் கூப்பிட்டு அவர் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில்கூட அவர் பெயரைத்தான் கொடுப்பாள்.

“ஏளா, ஏழு பேருங்கான்?”

“வாராவ, வாராவ. நீங்க உள்ள நடங்க” என்று சொல்லிவிட்டு அவள் குடையை மடக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாட்டுங்காவில் இலைச் சாப்பாட்டுக்குக் கூட்டம் அலைமோதும். ஜூன் மழை வேறு பிடித்துக்கொண்டிருந்தது. தாராவியிலிருந்து டாக்ஸி பிடித்து வந்து, முக்கால் மணி நேரம் வாசலில் நின்று, இப்போதுதான் இடம் கிடைத்திருக்கிறது. காலையில் செண்பகவல்லி அவரிடம் இஸ்திரி போட்ட சட்டையைக் கொடுத்து, “வெளிய சாப்பிடப் போறோம், இதைப் போடுங்க” என்று மட்டும் சொன்னாள். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, “அங்க வந்து தெரிஞ்சுக்கிடுங்க” என்றாள். மகள் ஷாலினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்போதே அவர் மனசில் ஒரு கணக்கு ஓடிவிட்டது. ஷாலினிக்கு இருபத்து நாலு முடிந்துவிட்டது. கோபர்கைரனேயில் ஒரு கம்பெனியில் வேலை. போன மாதம் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த வரனை அவள் போட்டோ பார்த்த கையோடு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தாயும் மகளும் அடுப்பங்கரையில் குசுகுசுவென்று பேசுவதும், அவர் தலை தெரிந்ததும் பேச்சை நிறுத்துவதும் கொஞ்ச நாளாகவே நடந்துகொண்டிருந்தது. வேறு என்ன இருக்க முடியும்? பையன் வீட்டார் வருகிறார்கள்.

நீள மேஜையில் ஏழு இலை போட்டார்கள். முதலில் வந்தது ஒரு நடுத்தர வயது அம்மாள், கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி. வந்ததும் வராததுமாகச் செண்பகவல்லியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

“இது ஆனி டீச்சர்” என்றாள் செண்பகவல்லி.

“அண்ணாச்சி, உங்களப் பத்திக் கேட்டுக் கேட்டு, ஏற்கெனவே பழகின மாதிரியே இருக்கு” என்றாள் ஆனி.

பேச்சிராஜா கும்பிட்டார். பையனின் அம்மாவாக இருக்குமோ? அப்படியென்றால் கிறிஸ்தவர்கள். சரி, பார்ப்போம். ஆனிக்குப் பின்னாலேயே இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி அறுபது வயது ஏஞ்சலம்மாள்; தாராவியிலேயே இட்லி அவித்து விற்பவள், அவருக்கும் முகம் தெரியும். இன்னொருத்தி சுனந்தா என்ற மராத்திக்காரி. சுனந்தா வந்த வேகத்தில் செண்பகவல்லியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். செண்பகவல்லி பதிலுக்கு மராத்தியில் ஏதோ சொன்னாள். ஒரு வார்த்தையோ இரண்டு வார்த்தையோ அல்ல, முழுசாக நாலு வாக்கியம். இவளுக்கு எப்போது மராத்தி வந்தது?

இட்லி விற்கும் ஏஞ்சலம்மாளுக்கும் சம்பந்தம் பேசுவதற்கும் என்ன தொடர்பு என்று அவருக்குப் பிடிபடவில்லை. தரகுக்கு வந்திருப்பாளோ?

கடைசியாக, மழையில் நனைந்த தலையைத் துடைத்துக்கொண்டே ஓர் இளைஞன் வந்தான். முப்பதுக்குள் இருக்கும். வெள்ளைச் சட்டை, முழுக்கை. ஷாலினி அவனைப் பார்த்து, “க்யா தோஸ்த், இவ்ளோ லேட்டா?” என்று சிரித்தாள். அவன் நேராகச் செண்பகவல்லியிடம் போய் ஒரு பேடா இனிப்புப் பெட்டியைக் கொடுத்தான். பிறகு இந்தியில் சொன்னான்: “ஆரம்பத்தில் எனக்கு நம்பிக்கையே இல்லை ஆன்ட்டி. நீங்கள்தான் விடாமல் நின்று முடித்தீர்கள்.”

செண்பகவல்லியின் கண் கலங்கியது. பேச்சிராஜா பெட்டியையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தார். விடாமல் நின்று முடித்தாளாமே. எல்லாம் முடிந்தே விட்டதா?

“உன் பேரு என்ன பேட்டா?” என்று கேட்டார்.

“சைஃப், அங்கிள். மாஹிம்ல வீடு.”

இலையில் பூரி விழுந்தது. கிழங்கு, வாழைக்காய்ப் பொரியல், அவரைக்காய் கூட்டு, எலுமிச்சை ஊறுகாய், ஓரமாக ஒரு அப்பளம். பேச்சிராஜா நல்ல சாப்பாட்டுப் பிரியர். மற்ற நாளாக இருந்தால் பூரியின் பொன்னிறத்தைப் பார்த்தே பாதி வயிறு நிறைந்திருக்கும். இன்றைக்கு எதை எதோடு சேர்த்துத் தின்கிறோம் என்றே தெரியாமல் பூரியை ஊறுகாயில் தொட்டுத் தின்றார்.

அவர் வேலை செய்வது தோல் பை தைக்கிற கார்கானாவில். பக்கத்து மிஷினில் இருபது வருஷமாக நஸீர் பாய் உட்கார்ந்திருக்கிறார். பெருநாளுக்கு அவர் வீட்டிலிருந்து வரும் சாப்பாட்டை இவர் வீட்டில் சட்டியை வழித்துத் தின்பார்கள். செண்பகவல்லிக்கு ஆபரேஷன் ஆனபோது ரத்தம் கொடுத்ததே நஸீர் பாயின் மகன்தான். அதெல்லாம் சரி. ஆனால் மாப்பிள்ளை என்று வரும்போது? ஊரில் அண்ணன் என்ன சொல்வான்? மச்சினன் செல்லப்பாண்டி வீட்டு வாசலையே மிதிக்க மாட்டானே. யோசிக்க யோசிக்க இந்தப் பக்கமும் போக முடியவில்லை, அந்தப் பக்கமும் போக முடியவில்லை.

மேஜையில் மற்றவர்களுக்கு எந்தக் கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை. சாம்பார் வந்தபோது சுனந்தா, இனிப்புப் போட்டிருக்கிறார்கள், இதுதான் சாம்பார் என்றாள். ஏஞ்சலம்மாள், “வெல்லம் போட்டா அதுக்குப் பேரு சாம்பாராட்டி? பாயசம்!” என்று சண்டைக்குப் போனாள். ரசம் வந்ததும் அதே ஏஞ்சலம்மாள் அதைக் கையில் வாங்கி உறிஞ்சிவிட்டு, “குத்தம் சொல்ல முடியல. மிளகைத் தட்டித்தான் போட்டிருக்கான்” என்று ஒப்புக்கொண்டாள். ஆனி டீச்சர் இரண்டாம் முறை பூரி கேட்டாள். சைஃப் சாதத்தைப் பிசையத் தெரியாமல் பிசைய, ரசம் இலையை விட்டு ஓட, ஷாலினி தன் அப்பளத்தை உடைத்து அணை கட்டினாள். எல்லாரும் அப்படிச் சிரித்தார்கள். செண்பகவல்லி சிரித்த சிரிப்பில் அடுத்த மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பேச்சிராஜா அந்த அப்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள். அம்பாசமுத்திரத்துப் போட்டோவைப் பார்த்தபோது இருந்த முகமா இது? பையனும் மரியாதையாகத்தான் தெரிகிறான். அண்ணனா வந்து இவளோடு குடும்பம் நடத்தப் போகிறான்?

தயிர் சாதத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, இடது கையால் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“சைஃப் பேட்டா” என்று இந்தியில் ஆரம்பித்தார். “எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. நான் எட்டாவதுதான் படித்தவன். ஊரில் பேசுவார்கள், பேசட்டும். கொஞ்ச நாள் எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் பிள்ளைக்குப் பிடித்திருந்தால் நான் குறுக்கே நிற்கிறவன் இல்லை. உன் வீட்டில் பெரியவர்களை ஒருநாள் வரச்சொல்.”

 பரிமாறுகிறவன் மோர்ச் செம்போடு அப்படியே நின்றான்.

“அங்கிள்,” சைஃப் மெதுவாகக் கேட்டான், “எதற்கு வரச்சொல்ல வேண்டும்?”

“கல்யாணம் பேசத்தான்.”

“யாருக்கு?”

“உனக்கும் ஷாலினிக்கும்.”

ஷாலினிக்கு மோர் புரை ஏறியது. சைஃப் இரண்டு காதும் சிவக்க, “அங்கிள், எனக்கு நவம்பரில் நிக்காஹ்” என்றான். “பொண்ணு ஊர் பிவண்டி.” ஏஞ்சலம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். சுனந்தா ஒரு நிமிஷம் கழித்துத்தான் விஷயம் புரிந்து தனியாகச் சிரித்தாள்.

“அப்ப இவங்கள்லாம் யாரு?” பேச்சிராஜா மனைவியிடம் திரும்பினார். “எதுக்கு இந்தச் சாப்பாடு?”

செண்பகவல்லி ஆனி டீச்சரைப் பார்த்தாள். “பாயசம் வந்ததும் நீங்க சொல்லுதேன்னீங்களே டீச்சர்.”

“இனிமே எங்க பாயசத்துக்குக் காத்திருக்க? அண்ணாச்சி, உங்க வீட்டம்மா பத்தாங்கிளாஸ் பாஸ் பண்ணிட்டாங்க. தனியா எழுதுற பரீட்சை. வியாழக்கிழமை ரிசல்ட் வந்துச்சு. சுனந்தாவும் பாஸ். ஏஞ்சலம்மாவுக்கு ஒரு பாடம் நிக்குது, அக்டோபர்ல எழுதிருவாங்க. சைஃப்தான் மூணு பேருக்கும் கணக்கு வாத்தியார்.”

செண்பகவல்லி பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த தாளை எடுத்து இலைக்கு எட்டாத தூரத்தில் வைத்தாள். பேச்சிராஜா குனிந்து பார்த்தார். இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்க அவருக்கு நேரம் ஆகும். செண்பகவல்லி என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு பெயர். பே... ச்சி... ரா... அவருடைய பெயர். இங்கே புருஷன் பெயரையும் சேர்த்துத்தான் அச்சடிப்பார்கள். தனக்குத் தெரியவே தெரியாத ஒரு காரியத்தின் தாளில் தன் பெயர் இருக்கிறது.

“எப்ப படிச்ச?”

“ரெண்டு வருஷமா. மத்தியானம் ரெண்டு மணியிலருந்து நாலு வரைக்கும். சர்ச்சுக்குப் பின்னால உள்ள ரூம்ல.”

“அப்பளம் உருட்டப் போறேன்னியே?”

“முதல் மாசம் அதுக்குத்தான் போனேன்.”

“ஷாலினிக்குத் தெரியுமா?”

“நான்தாம்ப்பா இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தேன்” என்றாள் ஷாலினி, இன்னும் இருமிக்கொண்டே.

அவருக்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் நெஞ்சில் வேறு ஏதோ ஒன்று முன்னால் வந்து நின்றது. “எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு” என்றார். “இட்லிக்கார அம்மாவுக்குத் தெரியும், மாஹிம் பையனுக்குத் தெரியும். ஒரே ரூம்ல படுத்து எந்திரிக்கவன் எனக்குத் தெரியல. நான் ஏசுவேன்னு பயந்தியா?”

“நீங்க ஏச மாட்டீங்க.” செண்பகவல்லி இலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “போன வருஷம் கணக்குல பெயிலாயிட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா என்ன சொல்லிருப்பீங்க? ‘போட்டும் விடுளா, இந்த வயசுல எதுக்கு இது’ன்னு அன்பாத்தான் சொல்லிருப்பீங்க. அந்த ஆறுதலைக் கேட்டேன்னா நான் அன்னைக்கே விட்டிருப்பேன்.”

 அப்படியேதான் அவர் சொல்லியிருப்பார். வார்த்தைகூட மாறியிருக்காது. அதில் என்ன தப்பு என்று அவருக்கு இப்போதும் விளங்கவில்லை, தப்பு இல்லை என்று சொல்லவும் நாக்கு வரவில்லை.

சேமியாப் பாயசம் வந்தது. பரிமாறுகிறவன் இவ்வளவு நேரமும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். செண்பகவல்லியின் இலையில் மட்டும் இரண்டு கரண்டி ஊற்றினான். “படிப்புக்கு” என்றான் தமிழில். அவள் எழுந்து நின்று அவனுக்குக் கும்பிடு போட்டாள். அந்தக் கும்பிட்டைப் பார்த்ததும்தான் பேச்சிராஜா தன் இலைக்குத் திரும்பினார். தன் பங்குப் பாயசத்தை வழித்துக் குடித்துவிட்டு, “எனக்கும் இன்னொரு கரண்டி ஊத்துப்பா” என்றார். ஏஞ்சலம்மாள், “பெயிலானவளுக்குக் கிடையாதோ?” என்று கேட்க, மறுபடியும் மேஜை கலகலத்தது. அப்புறம் காப்பி, அப்புறம் பேடா. மூன்று மணி வரைக்கும் யாரும் எழுந்திருக்கவில்லை. வெளியே பெயர் கொடுத்துக் காத்திருந்தவர்கள் கண்ணாடி வழியாக முறைத்துப் பார்த்தார்கள்.

மழை விட்டிருந்ததால் மூவரும் நடந்தே திரும்பினார்கள். செண்பகவல்லி கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ஷாலினி அப்பாவின் பக்கத்தில் வந்தாள்.

“அப்பா, சைஃப்கிட்ட சொன்னீங்களே, பிள்ளைக்குப் பிடிச்சிருந்தா குறுக்க நிக்க மாட்டேன்னு. நெசமாவா?”

“ஏட்டி, யாரும் இருக்கானா?”

“இல்லப்பா. சும்மாதான் கேட்டேன்.”

சும்மா கேட்கிற குரலா அது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. “சொன்னது சொன்னதுதான்” என்று மட்டும் சொன்னார். சொன்ன பிறகு, எதற்குச் சம்மதம் கொடுத்திருக்கிறோம் என்ற பயம் வந்தது.

சாயங்காலம் யாருக்கும் பசிக்கவில்லை. செண்பகவல்லி டீ போட்டு அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவளிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. புதிதாக அறிமுகமானவர்களிடம் பேசுகிற மாதிரி, “உனக்கு எந்தப் பாடம் ரொம்பப் பிடிச்சுது?” என்று கேட்டார்.

“பூகோளம்.” உடனே சொன்னாள். “நாம ஊருக்குப் போற ரயில் எந்தெந்த ஆத்தைத் தாண்டிப் போகுதுன்னு இப்ப நான் சொல்லுவேன். முதல்ல பீமா. அப்புறம் கிருஷ்ணா. அதைத் தாண்டுனா துங்கபத்திரா. ராத்திரி தூங்கி எந்திரிச்சு, சேலம் தாண்டி, காவேரி. மதுரையில வைகை.”

முப்பது வருஷமாக அந்த ரயிலில் போய் வந்தவர் அவர். ஜன்னலுக்கு வெளியே தண்ணீரைப் பார்த்த ஞாபகம் இருந்தது, பாலத்தில் ரயில் போடும் சத்தம் ஞாபகம் இருந்தது.

“மறுபடியும் சொல்லு. மெல்ல.”

சொன்னாள். அவர் விரல் விட்டுக்கொண்டே திரும்பச் சொல்லிப் பார்த்தார். “பீமா. துங்கபத்திரா. கிருஷ்ணா...”

“இல்ல, துங்கபத்திராவுக்கு முன்னாலதான் கிருஷ்ணா” என்றாள் செண்பகவல்லி. ஷாலினியின் பழைய நோட்டைத் திருப்பி வைத்து, பென்சிலால் ஒரு நீளமான கோடு போட்டாள். “இதுதான் ரயில். டீ ஆறுது, குடிச்சுக்கிட்டே பாருங்க.”