தாடைக்கடியில் ஒரு விரல்

பாட்டிலுக்குள் குமிழிகள் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனாலும் கண்ணை எடுக்க அம்சவல்லிக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் மூக்கில் பொருத்தியிருந்த குட்டிக் குழாய்களுக்குச் சிலிண்டரிலிருந்து காற்று வந்தது. அந்தக் காற்றே இன்னொரு குழாய் வழியாகப் போய், தண்ணீர் பாட்டிலுக்குள் முங்கி, குபுகுபுவென்று குமிழி விட்டது. குமிழி வந்துகொண்டிருக்கும்வரை பிள்ளையின் நெஞ்சு சுருங்கிப்போகாமல் காற்று தாங்கிப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். குமிழி நின்றுபோனால் கத்திக் கூப்பிட வேண்டும். நர்ஸ் மாணிக்கம்மாள் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம் அவ்வளவுதான்.

ஏழாம் மாசமே என்ன அவசரமோ, புறப்பட்டு வந்துவிட்ட பிள்ளை. மலைமேல் புதூர்நாட்டிலிருந்து ஜீப்பில் குலுக்கி இறக்கி, இந்த அடிவாரத்து ஆஸ்பத்திரியில் பெற்று இன்றோடு ஐந்து நாள். புருஷன் சடையன் பிள்ளை பிறந்த அன்றே மலையேறிவிட்டான். அறுத்த சாமை களத்தில் கிடக்கிறது, மூத்த மகளைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்திருக்கிறது. அவனைக் குறை சொல்ல முடியாது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. ஜீப்பில் கால் வைக்கும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அழுதுச்சா?"

"இல்ல."

அவர்கள் ஊரில் பிறந்தது ஆணா பெண்ணா என்று முதலில் யாரும் கேட்பதில்லை. அழுததா என்றுதான் கேட்பார்கள். அழுத பிறகுதான் தாய்மாமன் வீட்டுக்குச் சேதி போகும், பேர் பற்றிப் பேச்சு எழும். அழாத பிள்ளையைப் பற்றி எவரும் வாய் திறக்க மாட்டார்கள். அப்படியானால் இந்த ஐந்து நாளாக மலையில் தன்னைப் பற்றியும் யாரும் பேசியிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பார்க்க வருகிறவர்களை உள்ளே விடுவார்கள். வார்டில் ஒவ்வொரு கட்டிலையும் சுற்றித் தூக்குவாளியும் சிரிப்பும் சண்டையுமாக ஒரு கும்பல் உட்கார்ந்துவிடும். அம்சவல்லியின் கட்டிலில் அவளுடைய மாற்றுச் சேலை மட்டும் கிடக்கும். அவளிடம் யாரும் கெட்டதாகப் பேசவில்லை. பேசவே இல்லை, அவ்வளவுதான். ஒருத்தி மட்டும் "மலையாளுங்களா நீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் தலையாட்டிவிட்டுத் தன் மாமியாரோடு விட்ட பேச்சைத் தொடர்ந்தாள்.

இரண்டாம் நாள் அம்சவல்லி ஒரு காரியம் செய்தாள். சோற்றுத் தட்டை முந்தானைக்குள் மறைத்து, குறைமாசப் பிள்ளைகளுக்கான கண்ணாடி அறைக்குள் கொண்டுபோனாள். பிள்ளையின் காதோரம் அதை வைத்து டம்ளரால் இரண்டு தட்டு தட்டினாள். அழாத பிள்ளையை அவள் ஊரில் அப்படித்தான் அழவைப்பார்கள். பிள்ளை தூக்கிவாரிப்போட்டு வாயைப் பிளந்தது. சத்தம் வரவில்லை. குமிழி நின்றது. உதடு நீலம் பாய்ந்தது. மாணிக்கம்மாள் ஓடிவந்து ஒற்றை விரலால் தாடையை ஏந்தி வாயை மூடியதும்தான் பாட்டிலுக்கு உயிர் வந்தது.

"இன்னா பண்ண நீ? புள்ளைய சாவடிக்கப் பாத்தியா?"

"அழுவட்டும்னுதாங்க..."

"வாயத் தொறந்தா காத்தெல்லாம் அதுவழியா ஓடிப்பூடும். நெஞ்சு சுருங்கிப்பூடும். மூச்சு வுடவே அதுக்குத் தெம்பு பத்தல, இதுல அழுவுணுமாம்!"

அதற்கப்புறம் இரண்டு நாள் அவளைத் தொட விடவில்லை. எட்ட நின்று பார்த்தாள். பீய்ச்சிய பாலைக் கிண்ணத்தில் கொடுத்துவிட்டு வந்தாள். பெற்ற பிள்ளைக்குத் தானே சத்துரு ஆகிவிட்டதாகத் தோன்றியது. அதைச் சொல்லி அழக்கூட அங்கே ஆள் இல்லை.

இன்று மத்தியானம் மாணிக்கம்மாளே வந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். இன்னும் மூன்று பிள்ளைகளை அவள் ஒருத்தியாகப் பார்க்க வேண்டியிருந்தது.

"கைய சோப்பு போட்டுக் கழுவிக்கினு வந்து ஒக்காரு. வெரல இங்க வை. அமுக்காத, தாங்கினாப்போல வை. வாயத் தொறந்தா மூடு. அழுதாலும் மூடு."

"அழுதாலுமாங்க?"

"ஆமா. அழுவுறப்பதான் காத்து பூரா போவும்."

உட்கார்ந்தாள். விரல் நுனியில் அந்தத் தாடை புளியங்கொட்டை அளவுகூட இல்லை. தோள்பட்டை மரத்துப்போனது. ஆனாலும் ஐந்து நாளில் முதல்முறையாகத் தனக்கு அங்கே ஒரு வேலை இருப்பதாகப் பட்டது.

நாலு மணிக் கும்பலோடு கும்பலாகச் சடையனும் வந்தான். ஆண்களைக் கண்ணாடி அறைக்குள் விடுவதில்லை. மூட்டையைத் தோளிலிருந்து இறக்காமலே கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றான். அவள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். உடனே குனிந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பிள்ளையின் முகம் சுருங்கியது. நெற்றி சிவந்தது. வாய் திறந்தது. கீச்சென்று, மெலிசாக, ஆனால் சந்தேகமே இல்லாத அழுகை. வெளியே சடையனுக்கும் அது கேட்டுவிட்டது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுவுது! எம் புள்ள அழுவுது!" என்று கூவினான்.

குமிழி நின்றிருந்தது. அம்சவல்லி விரலை உயர்த்திப் பிள்ளையின் வாயை மூடினாள். அழுகை பாதியில் அறுந்தது.

"ஏய்! இன்னாத்துக்கு மூடுற? வுடு! அழுவட்டும் வுடுமே!"

கண்ணாடியில் அறைந்தான். வார்டே திரும்பிப் பார்த்தது. அவனுக்குப் பதில் சொல்ல அவள் முகத்தைத் திருப்ப வேண்டும். திருப்பினால் விரல் நழுவிவிடும். திருப்பவில்லை. அசையாத தண்ணீரையே பார்த்திருந்தாள். குழாய் முனையில் ஒரு குமிழி திரண்டது, கொஞ்சம் தயங்கியது, பிறகு விடுபட்டு மேலே வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அவளுக்குப் பக்கவாட்டில் கண்ணாடி அதிர்ந்துகொண்டே இருந்தது.