முன்பின் தெரியாத ஒருவர்

எனக்குக் கோபம் வந்தது கேள்வியில் இல்லை, பதிலில்தான்.

ஆசியாவில் எந்த நாடு எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று ஒப்பிடும் பெரிய ஆய்வு அது. கொழும்பில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிற வேலை என்னுடையது. வருமானம், படிப்பு, குழாய்த் தண்ணீர், ஆஸ்பத்திரி எல்லாம் கேட்டு முடித்த பிறகு ஒரு கேள்வி வரும்: ‘கடந்த ஒரு மாதத்தில், முன்பின் தெரியாத ஒருவருக்கு நீங்கள் உதவி செய்தீர்களா?’ கொட்டாஞ்சேனையில் அந்த வாரம் நான் ஏறி இறங்கிய வீடுகளில் முக்கால்வாசிப் பேர் இல்லை என்றார்கள். ஒரு நொடி யோசிக்கவும் இல்லை. வாசலில் நிற்கும் மீன்காரனிடம் இன்றைக்கு வேண்டாம் என்று சொல்வதைப் போலச் சொன்னார்கள்.

கேள்வி கேட்பவரின் முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது என்பது பயிற்சியில் சொல்லித்தந்த முதல் விதி. என் முகம் அதற்காகப் பிறந்த முகம் இல்லை. அதனால் தலையைக் குனிந்து, பதில்களைப் பதிகிற டெப்பின் திரையைப் பார்த்துக்கொண்டே ‘இல்லை’ என்பதைத் தொடுவேன். உள்ளுக்குள் பொரிந்துகொண்டிருப்பேன். பங்களாதேஷும் நேபாளமும் வியட்நாமும் முன்னால் இருக்க, நாங்கள் வகுப்பின் கடைசி வாங்கில் குந்தியிருக்கப் போகிறோம். இருக்கட்டும், இதுகளுக்கு அதுதான் சரி.

அந்த வாரம் ஒரு நாள் காலையில், என் பட்டியலில் அடுத்து இருந்த மஜீட் நானாவின் கடைக்குப் போனேன்; அங்கே அண்ணனை நானா என்பார்கள். குழாய், பெயின்ட், ஆணி விற்கிற கடை. குடும்பத் தலைவர் அவர் என்பதால் கடையிலேயே வைத்துக் கேட்டேன். நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் மூன்று பேருக்கு ஆணி நிறுத்துக் கொடுப்பார். எனக்குப் பொறுமை என்கிற சாமான் குறைவு. ஒருவழியாக அந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்தோம். “இல்ல,” என்றார், கணக்குப் பார்க்கிற மெஷினை விட்டு முகத்தை எடுக்காமல்.

நீங்களுமா என்று வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் என் போன் அடித்தது. ஷெரோமி. வெள்ளவத்தையில் எங்களுக்குப் பக்கத்து ஃப்ளாட்டில் இருப்பவள், நான் வேலைக்குப் போகும்போது அப்பாவைப் பார்த்துக்கொள்பவள். அழுதுகொண்டே சொன்னாள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று ஓடிப்போய்த் திரும்பி வருவதற்குள் அப்பாவைக் காணவில்லையாம். வீட்டு முன் ஒழுங்கையிலும் இல்லை, கடற்கரையிலும் இல்லை. பொலிஸுக்கும் சொல்லிவிட்டாளாம்.

என் அப்பா இரத்தினசிங்கத்துக்கு மறதி நோய். என் பெயர் போய் ஒரு வருஷமாகிறது. பசிக்கிறது என்று சொல்லத் தெரியாது, பக்கத்துப் பெருந்தெருவான காலி வீதியில் பஸ் வருகிறது என்று ஒதுங்கத் தெரியாது. பெயின்ட் வாளி ஒன்றின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மஜீட் நானா என்ன நடந்தது என்று கேட்டார். “அப்பாவைக் காணேல்லையாம்,” என்றேன். அவ்வளவுதான். ஆணிக்கு நின்றவரை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினார், ஷட்டரை இழுத்தார், சாமான் ஏற்றுகிற சின்ன லொறியை வெளியே எடுத்தார்.

“உங்கட வாப்பா முந்தி எங்க வேல செஞ்ச?”

எனக்கு எரிந்துகொண்டு வந்தது. பெற்ற பிள்ளையின் பெயரே தெரியாதவருக்கு வேலை செய்த இடமா ஞாபகம் இருக்கப்போகிறது என்று சீறினேன். அவர் கோபிக்கவில்லை.

“என்ட வாப்பாவும் இப்பிடித்தான் தங்கச்சி. கடைய வித்த பொறகும் காலைல எழும்பி அங்க போய் நிப்பார்.”

அப்பா மருதானை ரயில் நிலையத்தில் கிளார்க்காக இருந்தவர். வெள்ளவத்தையிலிருந்து மட்டக்குளி பஸ்ஸில் ஏறித்தான் தினமும் போவார். லொறி மருதானைக்குத் திரும்பியது. வழி நெடுக நான் எல்லாக் கடவுளையும் கூப்பிட்டேன். மஜீட் நானா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, மறு கையால் தெரிந்த த்ரீவீல்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தார். வேறு நாளாக இருந்தால் அதற்கும் சண்டை பிடித்திருப்பேன்.

அப்பா ரயில் மேடையில் ஒரு வாங்கில் இருந்தார். கையில் பாதி கடித்த மாலுபணிஸ், மீன் வைத்த பன். தலை சீவியிருந்தது.

“மிஸ், ட்ரெயின் வரும், இருங்கோ,” என்றார் என்னைப் பார்த்து.

கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்த பிறகுதான் பார்த்தேன். காலையில் நான் அவருக்குச் சாரம் கட்டிவிட்டுத்தான் போயிருந்தேன். இப்போது கருநீல நிறத்தில் ஒரு நீளக் காற்சட்டை போட்டிருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத காற்சட்டை. அப்பாவுக்கு நீளம் கூட என்று, கால் தடக்காதபடி கீழே இரண்டு பக்கமும் அளவாக மடித்துவிடப்பட்டிருந்தது.

பக்கத்தில் காவலுக்கு நின்ற ரயில்வே ஊழியர் சிங்களத்தில் விவரம் சொன்னார். அப்பா வந்து நின்றபோதே உடுப்போடு எல்லாம் போயிருந்ததாம், சிறுநீர் மட்டுமில்லை. சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகியதாம். கண்டிக்குப் போகிற ஒரு பயணி மட்டும் கையைப் பிடித்துக் கழிவறைக்குக் கூட்டிப்போய், கழுவித் துடைத்து, தன் பையில் இருந்த காற்சட்டையைப் போட்டுவிட்டாராம். தேநீரும் பணிஸும் வாங்கிக் கொடுத்தாராம். தன் ரயிலை விட்டுவிட்டு இருந்தாராம். அடுத்ததையும் விட முடியாது என்றபோது, வீட்டு ஆட்கள் வரும்வரை இவரை விட்டு நகரக்கூடாது என்று ஊழியரிடம் சொல்லிவிட்டு ஏறினாராம்.

பெயர் என்ன, எந்த ஊர், போன் நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன். ஊழியர் கையை விரித்தார்.

நான் அப்பா பெற்ற பிள்ளை. நான் கழுவும்போதே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கழுவுவேன். இது யாரோ, எவரோ. அந்த மேடையில் நின்று, கண்டிப் பக்கம் போகிற தண்டவாளத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். நீ போகிற இடமெல்லாம் நல்லாயிரு, உன் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று வாய்விட்டே சொன்னேன். சனம் பார்த்தது. பார்க்கட்டும்.

மஜீட் நானா எங்கள் இருவரையும் லொறியின் முன் சீட்டில் நெருக்கி இருத்தி வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஷெரோமி என்னை விட அதிகமாக அழுதாள், அவளைத் தேற்றி அனுப்பினேன். அப்பா சாப்பிட்டுப் படுத்துவிட்டார். மஜீட் நானாவுக்கு ஒரு பிளேன்டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே, கேள்வி பாதியில் நிற்கிறதே, முடித்துவிடுங்கள், பிறகு உங்களுக்கு மேலே இருந்து ஏச்சு விழும் என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. டெப்பை எடுத்து, அந்தப் பதிலை முதலில் மாற்றுகிறேன் என்றேன்.

“எந்தப் பதில?”

முன்பின் தெரியாத ஒருவருக்கு உதவினீர்களா என்கிற கேள்வி என்றேன்.

“மாத்த வாணாம். நீங்க தெரியாத ஆளா? காலைல இருந்து என்ட உசிர எடுத்தீங்களே.”

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கொட்டாஞ்சேனை முழுக்க எனக்கு இல்லை என்று சொன்ன முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. உள்ளே வந்து இருங்கள் என்றவர்கள், வெயிலில் வந்தீர்களே என்று தோடம்பழச் சாறு கரைத்துத் தந்தவர்கள், நான் யார் என்று கேட்காமலே மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டவர்கள். அதைச் செய்துகொண்டேதான் இல்லை என்றார்கள். டாக்காவிலும் காத்மாண்டுவிலும் என்னைப் போல ஒருத்தி இதே கேள்வியைக் கேட்டுவிட்டு, இதே பதிலுக்கு எரிச்சல்பட்டுக்கொண்டு படியிறங்குவாளாக்கும். கண்டி மனிதரிடம் யாராவது கேட்டாலும் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். எங்களை எந்த வாங்கில் வேண்டுமானாலும் இருத்துங்கள். நான் இந்தச் சனத்தோடு இருக்கிறேன், அது போதும்.

சொன்னவர் சொன்னதைத்தான் பதிய வேண்டும் என்ற விதிப்படி ‘இல்லை’ என்பதை அப்படியே விட்டேன். அடுத்த கேள்வி திரையில் வந்தது. அந்த வாரம் முழுக்க வாசித்த கேள்விதான், ஆனால் வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் அது என்ன கேட்கிறது என்று விளங்கியது. ஆனாலும் எழுத்துக்கு எழுத்து வாசிக்க வேண்டும்.

“உங்களுக்கு ஒரு கஷ்டம் வந்தால், எந்த நேரத்திலும் நம்பிக் கூப்பிடக்கூடிய ஒருவர் உங்களுக்கு இருக்கிறாரா?”

மஜீட் நானா கோப்பையைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

“ஈக்கிறாங்க,” என்றார். “உங்கட நம்பரத் தாங்க, தங்கச்சி.”