கையுறையோடு மூடிய டிக்கெட்

கார்னெட் ஃப்ளெட்டுக்கு விரல்தான் பிரச்சினை. வின்னிபெக்கில் ஜனவரி மாதத்து உறைகுளிரில் கட்டடம் கட்டுகிற எல்லோருக்கும் விரல்தான் பிரச்சினை என்றாலும், அதைப் பற்றி அவர் அளவுக்கு வாய் ஓயாமல் புலம்பியவர் வேறு யாருமில்லை. அவர் சைட் சூப்பர்வைசர். கட்டடத்தில் யார் எந்தக் குறையைப் பார்த்தாலும் கைபேசியில் படமெடுத்து ஏற்றிவிடுவார்கள். அது ஒரு டிக்கெட். குறை சரியாகிவிட்டதா என்று நேரில் போய்ப் பார்த்து, ஒவ்வொரு டிக்கெட்டாக மூடுவது கார்னெட்டின் வேலை. அந்தச் சின்னப் பொத்தான்களை அழுத்தி மூட வேண்டுமென்றால் கையுறையைக் கழற்ற வேண்டும்; தடித்த நுனி பக்கத்துப் பொத்தானில் பட்டுவிடும்.

"பல்புக்கு ஒரு தடவ கழட்டு, கதவுக்கு ஒரு தடவ கழட்டு. நான் வேலைக்கு வந்தேனா, கையுறை விக்க வந்தேனா?" என்று சொல்லிக்கொண்டே சைட் அலுவலகமாக இருந்த ட்ரெய்லருக்குள் வந்து ஹீட்டர்மேல் சாய்ந்து நிற்பார். கூடவே வீட்டில் சுட்ட பானக் என்ற தட்டை ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து லொரெட்டாவின் மேசைமேல் வைப்பார். லஞ்சம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

லொரெட்டா ஃப்ரீசென்தான் அந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்பவள். அதன் அமைப்புகளைத் திறக்கும் உரிமை அவள் ஒருத்திக்கு மட்டும்தான் இருந்தது. லஞ்சம் வேலை செய்தது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தாய் டிக்கெட் போட்டாள். அந்த இடத்தில் பதிவாகும் குறைகளெல்லாம் தாமாகவே அதன் கீழ் பிள்ளை டிக்கெட்டுகளாகப் போய்ச் சேரும்படி செய்தாள். கடைசியாக ஒரு கட்டம் வந்தது. தாயை மூடினால் பிள்ளைகளையும் சேர்த்து மூடிவிடவா என்று கேட்டது. கூடவே சிவப்பில் ஓர் எச்சரிக்கை. அவள் கட்டத்தில் குறியிட்டுச் சரி என்று அழுத்தினாள்.

பாதுகாப்பு தொடர்பானவற்றை இதில் சேர்க்கக் கூடாது என்று அப்போதே அவளுக்குத் தோன்றியது. ஆனால் அவற்றைத் தனியாகப் பிரிக்க ஒரு மத்தியானம் பிடிக்கும். வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். இப்படிப்பட்ட வேலைகளைத் தள்ளிப்போடத்தான் வெள்ளிக்கிழமை என்று ஒரு நாளையே யாரோ கண்டுபிடித்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைகள் வந்தன, போயின.

"ஆக, ஆத்தா தூங்கினா பிள்ளைங்களும் தூங்கிடும்," என்றார் கார்னெட். "எங்க வீட்ல ஒரு நாள்கூட அப்படி நடந்ததில்ல."

"உங்க வீட்டுக்கு மென்பொருள் போட நான் வரல," என்றாள் லொரெட்டா.

உட்சுவர்ப் பலகை அடித்துப் பூசும் ட்ரைவால் வேலை செய்த ரோடெல் மனலஸ்தாஸ் மூன்றாம் மாடிப் படிக்கட்டில் போகும்போது, அங்கே தற்காலிகமாக அடித்திருந்த மரக் கைப்பிடி ஆடுவதைப் பார்த்தான். பொறுப்பானவன், படமெடுத்து ஏற்றினான். அது நேராக மூன்றாம் மாடிப் படிக்கட்டின் தாய் டிக்கெட்டுக்குக் கீழே போய் உட்கார்ந்தது. அதே நேரத்தில் கார்னெட் அங்கே எரியாத விளக்கும் குவிந்துகிடந்த குப்பையும் சரியாகிவிட்டனவா என்று பார்த்து முடித்திருந்தார். அவர் பட்டியலைத் திறந்தபோது ரோடெலின் டிக்கெட் அதில் வந்திருக்கவில்லை; திறந்த பிறகு வந்து சேர்ந்ததை அவர் பார்க்கவில்லை. கையுறையின் நுனியாலேயே தாயின் பெரிய பொத்தானை ஒரே தட்டுத் தட்டி மூடினார்.

ரோடெலின் கைபேசிக்குச் செய்தி போயிற்று: நீங்கள் தெரிவித்த குறை சரிசெய்யப்பட்டது, மூடியவர் கார்னெட் ஃப்ளெட்.

மறுநாள் பூச்சு வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறியவன், மூச்சு வாங்க அந்தக் கைப்பிடிமேல் சாய்ந்தான். நேற்றுவரை அதைத் தொடாமல் சுவரோரமாகவே ஏறி இறங்கியவன். கைப்பிடியோடு கீழே விழுந்தான். இடுப்பெலும்பு உடைந்தது.

ஆம்புலன்ஸ் போன சத்தம் அடங்குவதற்குள் லொரெட்டா மென்பொருளைத் திறந்தாள். வரிசையாக எல்லாப் பிள்ளைகளும் ஒரே நொடியில் மூடப்பட்டிருந்ததைப் பார்த்தாள். இன்னொருவன் விழக் கூடாது என்பதைத் தவிர வேறெதுவும் அப்போது அவள் மனதில் இல்லை. கட்டத்தில் இருந்த குறியை எடுத்தாள். பிள்ளை ஒன்று திறந்திருந்தாலும் தாயை மூட முடியாது என்று மாற்றினாள். அதுவரை அவள் செய்தது நல்ல காரியம்தான். அதை ஒருவரிடமும் சொல்லாமல் விட்டாளே, அதுதான் கேடு.

திங்கட்கிழமை காலை ட்ரெய்லரில் கூட்டம். திட்ட மேலாளர் கர்ட்டிஸ், கார்னெட், லொரெட்டா மூவர் மட்டும். தாயை மட்டும்தான் மூடினேன், பிள்ளைகள் அதோடு தாமாக மூடிக்கொண்டிருக்கும் என்று கார்னெட் சொன்னார்.

கர்ட்டிஸ் கெட்டவன் இல்லை. நியாயமாக நடக்க வேண்டும் என்பதற்காகவே சோதித்துப் பார்த்தான். பெரிய திரையில் ஒரு தாய் டிக்கெட்டைத் திறந்து, எல்லோரும் பார்க்க மூடப்போனான். பிள்ளை திறந்திருக்கிறது, மூட முடியாது என்றது மென்பொருள். மறுபடி அழுத்தினான். மறுபடி அதையே சொன்னது.

"பாருங்க கார்னெட், அது விடமாட்டேங்குது. அப்படின்னா கைப்பிடி டிக்கெட்ட நீங்க தனியாத் தொறந்து மூடியிருக்கணும். பாக்காமலே."

கார்னெட் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

"கையுறையோட அமுக்கியிருப்பேனோ என்னவோ," என்றார். "ஞாபகமில்ல. அந்தத் தாய் பிள்ளை விவகாரத்த நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன் போல. என் பேருதான இருக்கு."

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று லொரெட்டாவுக்குத் தெரிந்தது. வாய்வரை வந்தது. சொன்னால் முதல் கேள்வி குறியை யார் போட்டது என்று வராது. ஏன் மறைத்தாய் என்றுதான் வரும். அவள் காப்பிக் கோப்பையின் மூடியை அழுத்தி அழுத்தி மூடிக்கொண்டிருந்தாள்.

"தலைமை அலுவலகம் முடிவு சொல்ற வரைக்கும் நாளையிலேருந்து வர வேணாம்," என்றான் கர்ட்டிஸ், தரையைப் பார்த்து. அப்படிப் போனவர்கள் திரும்பி வந்ததில்லை என்பது மூவருக்கும் தெரியும்.

கார்னெட் எழுந்து ஜாக்கெட்டின் ஜிப்பை இழுத்தார். லொரெட்டாவின் மேசையருகே நின்றார்.

"நீ என்னத்துக்கு மூஞ்சத் தொங்கப்போட்டு ஒக்காந்திருக்க? ஒன் மென்பொருள் சரியாத்தான வேல செஞ்சுது. கெழவன் விரல்தான் ஏமாத்திடுச்சு." மேசைமேல் ரொட்டிப் பொட்டலத்தை வைத்தார். "ஆஸ்பத்திரிக்குப் போய் ரோடெலப் பாத்துட்டு வரேன். என் பூட்ஸும் சாமானும் இருக்கட்டும், வந்து எடுத்துக்கறேன்."

அவருடைய டிரக் வெளியே போகும் சத்தம் கேட்டது. ரொட்டி இன்னும் சூடாக இருந்தது. அவளுக்கு அதைத் தொடவே கூசியது. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை. கர்ட்டிஸின் கதவைப் பார்ப்பதும் திரையைப் பார்ப்பதுமாக இருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரமும் போயிற்று.

பிறகு ரோடெல் விழுந்ததற்காகப் பதிவு செய்திருந்த டிக்கெட்டைத் திறந்தாள். அதன் கீழ் ஒரு பிள்ளை டிக்கெட் போட்டாள். பொறுப்பு என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். விவரம் என்ற இடத்தில் இப்படி எழுதினாள்: தாயை மூடினால் பிள்ளைகளும் மூடும்படி அமைத்தது நான். விபத்துக்குப் பிறகு மாற்றியதும் நான். கார்னெட் அந்தக் கைப்பிடி டிக்கெட்டைப் பார்க்கவே இல்லை. அமைப்புகள் மாறிய விவரத்தையும் படமாக இணைத்து, எல்லோருக்கும் அனுப்பினாள்.

கர்ட்டிஸின் அறைக்குள் கைபேசி ஒலித்தது. சற்று நேரத்தில் அவன் கதவைத் திறந்துகொண்டு வந்து அவளையே பார்த்தான். கடைசியில், "எழுதினத வாசிச்சேன். உக்காரு, பேசணும்," என்றான். அவள் உட்கார்ந்துதான் இருந்தாள்.

அவர்கள் பேசி முடிப்பதற்குள் கார்னெட்டின் டிரக் வந்துவிட்டது. உள்ளே வந்தவர் ஹீட்டர் பக்கம் போகவில்லை. ஒரு கையில் கையுறை இல்லை. அந்தக் கையில் கைபேசி.

"கார்னெட், நீங்க நாளைக்கே வேலைக்கு வரலாம்," என்றான் கர்ட்டிஸ்.

கார்னெட் அதற்குத் தலையாட்டினார். லொரெட்டாவின் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

"மத்தியானத்துக்கு மேலதான் உள்ள விட்டாங்க. ரோடெல் பொண்டாட்டி பக்கத்துல ஒக்காந்திருந்தா," என்றார். "நான்தாம்மா மூடினேன், பாக்காம மூடிட்டேன்னு அவகிட்ட சொன்னேன். அவ எழுந்து வெளிய போயிட்டா. அவன் சொல்றான், 'நீங்க மூடியிருந்தீங்க பாஸ், அதனாலதான் நம்பிச் சாஞ்சேன்'னு. கையப் புடிச்சுக்கிட்டு அழுதேன்."

"நான் வந்து சொல்றேன். இப்பவே போலாம்," என்றாள் லொரெட்டா.

அவர் கைபேசியைப் பையில் போட்டார்.

"ஆஸ்பத்திரி லிஃப்டுல கீழ எறங்கறப்பதான் ஒன் டிக்கெட் வந்துச்சு," என்றார். "ஏறிப் போறப்பவே வந்திருக்கக் கூடாதா?"