அன்புச்செல்வன் நேர்ந்த நடை

என் மகன் அன்புச்செல்வன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவன். பெர்மனென்ட் ஆனால் அந்த மாதமே வேளாங்கண்ணிக்குச் செருப்பில்லாமல் நடந்து வருகிறேன் என்று மாதா கோயிலில் எல்லார் முன்பும் நேர்ந்துகொண்டான். மாசியில் ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்; எழவில்லை. சித்திரையில் பெர்மனென்ட் பட்டியல் வந்தது. அதில் அவன் பெயர் இருந்தது.

டீக்கடையில் பரமசிவம் சும்மா இருக்கவில்லை.

"என்னா ராயப்பா, மாதா ஆபீசுலயும் பைலு லேட்டாத்தான் நகருதா?"

சிரித்தவர்களை நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் அப்பா காலத்திலிருந்து ஆவணிக் கொடியேற்றத்துக்கு நடந்துபோகிற குடும்பம் எங்களுடையது. நேர்ந்துவிட்டு ஏய்த்தார்கள் என்று ஒருவன் சொல்லக் கூடாது. மகன் இல்லாவிட்டால் நான் நடப்பேன்.

மருமகள் பொற்கொடி வாசலை மறித்து நின்றாள்.

"ஆவணியில கூட்டத்தோட போங்க மாமா. கத்திரி வெயில்ல எதுக்கு?"

"அந்த மாசமேன்னு சொல்லியிருக்கான்."

"உயிரோட இருந்தப்ப கேட்டுகினே இருந்தாரு, குடுக்கல. மண்ணுல வெச்சப்புறம் குடுத்துகினு நிக்கிறா மாதா. இதுக்கு நடை வேறயா?"

"குடுத்த வாக்கு போவாதும்மா."

அவள் வழி விட்டாள். "அப்ப ஒண்ணு கேட்டுகினு வாங்க. ரெண்டு மாசம் முன்னால குடுத்திருந்தா அவ கையில என்னா கொறஞ்சிருக்கும்னு."

வடலூர் தாண்டும்போதே தார் இளகிப் பாதத்தில் ஒட்டியது. ஆவணியில் வழியெங்கும் பந்தலும் மோரும் பாட்டுமாக இருக்கும். இப்போது நானும் லாரிகளும்தான். கொள்ளிடம் பாலத்தில் கொப்புளங்கள் உடைந்தன. கீழே தண்ணீர் இல்லை. மணல் வெள்ளையாகக் கிடந்தது. நாகூரில் ஒரு கடைக்கார பாய் என் காலைப் பார்த்துவிட்டுத் தன் செருப்பைக் கழற்றி முன்னால் வைத்தார்.

"போட்டுக்கங்க பெரியவரே. யாரு பாக்கப் போறா?"

"நேந்துகிட்டவன் இருந்து போட்டுக்கன்னு சொன்னா போட்டுக்குவேன் பாய். அவன் இல்ல."

வேளாங்கண்ணியில் மணல் பாதையில் ஜனங்கள் மண்டியிட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள். "மண்டி போடுங்க ஐயா" என்று ஒருவர் எனக்கு இடம் விட்டார். நான் அவர்கள் பக்கத்தில் நிமிர்ந்தபடியே நடந்தேன். மாதா முன்னால் நின்றபோது பொற்கொடியின் கேள்வி நாக்கு வரை வந்தது. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்து நிற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. "அன்புச்செல்வன் நேர்ந்த நடை முடிந்தது" என்று மட்டும் சொன்னேன். மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. வெளியே வந்து பஸ் ஏறினேன்.

வீட்டில் பொற்கொடி என் காலையே பார்த்தாள்.

"கேட்டீங்களா மாமா?"

"கேக்கல. மண்டியும் போடல. அவன் நேந்தது நடை மட்டுந்தான்."

அவள் அடுப்படிக்குப் போனாள். கால் கழுவ வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு சுவரோரம் போய், மாதா படத்தின் முன்னால் இரவும் பகலும் எரியும் சிவப்பு பல்பை அணைத்தாள்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.