பேணாட் நட்ட புல்

ஓர்ஸ் ஹில்லில் மற்ற வீட்டு முற்றங்களில் கச்சான் காற்றின் அனலில் புல் காய்ந்து கிடந்தது. ஞானமலரின் முற்றத்திலோ தண்ணீர் கூடி அழுகிக்கொண்டிருந்தது. கணவர் பேணாட்டுக்கு மறதி நோய். தண்ணீர் விட்டதை மறந்து, திரும்பவும் ஹோஸைப் பிடிப்பார்.

“இண்டைக்குத் தண்ணி விட்டனானே, மலர்?”

“மூண்டு தரம் விட்டிட்டீங்கள். புல்லு இனி நீந்தப் பழக வேணும்.”

“கிழமைக்கு ரெண்டு தரம், விடிய வெள்ளன, வேர் நனைய விட்டாக் காணும், அக்கா,” என்றாள் பக்கத்து வீட்டு ஸஹ்ரா. கணவர் தன் கையால் நட்ட புல்லையாவது காப்பாற்றலாம் என்று ஞானமலர் ஹோஸை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

இரண்டு நாளாகப் பேணாட் கதிரையை விட்டு எழும்பவில்லை. மூன்றாம் நாள் காலை, தேநீர் கொண்டுவந்தவளை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்கள் ஆர், தங்கச்சி?”

அவள் என்ன செய்தாள் தெரியுமா, பிள்ளைகளே? அலுமாரியைத் திறந்து, ஹோஸை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் மெல்ல முற்றத்தில் இறங்கி, அழுகிய புல்லின் நடுவில் நின்று கூப்பிட்டார்.

“மலர், தண்ணியைத் திறந்து விடு.”

அவள் திறந்து விட்டாள். பத்து மணிக்கு மறுபடியும் திறந்து விட்டாள்.