கொற்கைப் பேனாவுக்கு எழுதிய வரி

1

ஒரு பேனாப் பெட்டிக்குள் வைத்த விளம்பரச் சிற்றேட்டிலிருந்து இந்தக் கதை வந்தது. அதை எழுதியவன் நான். இங்கே என்னைச் சிவசைலம் என்று அழைக்கிறேன். 'அவன்' என்று எழுதினால்தான் வரி நகர்கிறது, அவ்வளவுதான்.

2

'கொற்கையில் இப்போது கடல் இல்லை. தாமிரபரணி கொண்டுவந்து போட்ட மண்ணில் வாழை நிற்கிறது. அங்கிருந்து ரோமுக்கு முத்து போன பாதை...'

(வேண்டாம். சிற்றேடும் இப்படித்தான் தொடங்கியது.)

மறுபடியும். பழைய வணிகப் பாதைகளின் பெயரில் விலையுயர்ந்த மைப்பேனா செய்யும் நிறுவனம் ஒன்று, வண்ணார்பேட்டையில் குடியிருந்த கல்லூரி ஆசிரியர் சிவசைலத்திடம் பெட்டிக்குள் வைக்க நாலு பக்கம் கேட்டது. உலகத்துக்கே முந்நூறு பேனா. நிப்பில் கொற்கை முதல் ரோம் வரை ஒரு கோடு. மூடியில் சிப்பி ஓடு.* கடலில் முங்கி அதை எடுத்துத் தருபவர் புன்னைக்காயல் டைட்டஸ்.

* எனக்கும் ஒன்று அனுப்பினார்கள். இதை நான் பால்பாயிண்டில் எழுதுகிறேன். அதில் பெருமை ஒன்றுமில்லை.

3

சிவசைலம் அவரைப் பார்க்கப் போனான். படகில் கம்ப்ரசர் இருந்தது. அதன் காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டுதான் இறங்குவதாக டைட்டஸ் சொன்னார். வெறும் மூச்சில் முங்குவதுண்டா என்று இவன் கேட்டான்.

"அதெல்லாம் எங்க தாத்தா காலத்தோட சரி, அண்ணாச்சி. குழா இல்லாம நான் ஆத்துலகூட முங்க மாட்டேன்."

"பொண்ணு பாக்க வந்தப்ப வேற மாதிரில்லா சொன்னாவ" என்றாள் அவர் மனைவி ஜாய்சி.

மூவரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து சிவசைலம் எழுதினான்: 'டைட்டஸ் இன்றும் முன்னோரைப் போல ஒரே மூச்சில் ஆழம் தொடுகிறார்.'

கம்ப்ரசர் அந்த வாக்கியத்தில் பொருந்தவில்லை. வேறு காரணம் கிடையாது.

4

விளம்பரப் படம் எடுக்க வந்தவர்கள் அந்த வரியைக் காட்டி, குழாய் வேண்டாம் என்றார்கள். டைட்டஸ் மறுத்திருக்கலாம். (இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்தேன். எனக்கு அது தேவைப்படுகிறது, அதனால் நிற்கிறது.) அன்று காலை ஜாய்சியிடம் அவர் சொன்னாராம்: "அச்சுல போட்டுட்டாவ. முங்கலன்னா அண்ணாச்சிக்குல்லா அசிங்கம்."

குழாயில்லாமல் இறங்கி இரண்டு முறை மேலே வந்தார். வெளிச்சம் சரியில்லை என்று இன்னொரு முறை கேட்டார்கள். மூன்றாவது முறை அவர் வரவில்லை. கடல் அப்போது ஒரு...

(கடலை வர்ணிக்க மாட்டேன்.)

5

டைட்டஸ் குடித்துவிட்டு இறங்கினார் என்று நிறுவனம் போலீசில் எழுதிக் கொடுத்தது. ஊரும் நம்பியது. ஜாய்சி பஸ் ஏறி வண்ணார்பேட்டைக்கு வந்தாள்.

"குழா இல்லாம முங்க மாட்டேன்னு அவிய உங்ககிட்ட சொன்னாவளா இல்லையா? அத மட்டும் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தாங்க. எம்மகள குடிகாரன் பிள்ளன்னு சொல்லுதாவ."

எழுதிக் கொடுத்தால், தெரிந்தே எழுதிய பொய் அவன் கையாலேயே நிரூபணமாகும். வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தான். பிறகு, இதை ஒரு கதையாக எழுதுகிறேன் என்றான்.

"கதையா?" என்றாள். "அதத்தான் ஏற்கெனவே எழுதிட்டியளே."

6

ஒரு முடிவில் அவன் கையெழுத்திடுகிறான். இன்னொன்றில் அவள் வெறுங்கையோடு திரும்புகிறாள். இரண்டும் நன்றாகவே வருகின்றன. அதுதான் பயமாக இருக்கிறது. நீங்கள் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அவளுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

அவள் இன்னும் போகவில்லை. முன்னறையில் வெள்ளைத்தாளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். நான் உள்ளே இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் முடித்துவிட்டு